சொன்னவரின் பெயர்

மருத்துவமனையில் நேர்ந்த பிழையை நல்லெண்ணத்தோடு எடுத்துரைப்பவருக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு என்ற பிரஸ்தாபம் எழும்போதெல்லாம், 2018 டிசம்பரில் சாத்தூரில் நிகழ்ந்த துயரமே என் நினைவில் முன்னிற்கிறது. நவம்பர் 30 அன்று சிவகாசியில் இரத்ததானம் செய்த இளைஞன் ஒருவன், வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில் தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிந்ததும், மானம் போகுமே என்று மறைத்துக்கொள்ளாமல், தன் இரத்தத்தை எவருக்கும் ஏற்றிவிட வேண்டாம் என்று தானே வலியச் சென்று தெரிவித்தான்; அதற்குள், டிசம்பர் 3 அன்றே, அது ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் உடலில் ஏறியிருந்தது. 2016இல் அவன் கொடுத்த இரத்தத்திலேயே தொற்று புலப்பட்டும் அவனுக்கு அறிவிக்கப்படவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தது. செய்தி ஊரெங்கும் பரவிய நாட்களில் தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற அவன், டிசம்பர் 30 அன்று மதுரையில் காலமானான். தொற்றுள்ளோரின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டமோ அதே ஆண்டு செப்டம்பரிலேயே அமலுக்கு வந்திருந்தது.

ஆத்தூரில், தாமிரபரணிப் பாசனத்தில் செழிக்கும் வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரோடு இது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கவுளி கட்டும் கை ஓயாமலே பேசியவர், வரப்பில் ஆள் வரும் அரவம் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். “எழுதிப் போட்டா யாரு எழுதுனதுன்னு மறுநாளே தெரிஞ்சிரும் தம்பி. கான்ட்ராக்ட்ல இருக்க புள்ள அப்புறம் எங்க போயி நிக்கும்?”

மருந்து மாறி ஏறியதையும், கேஸ் ஷீட்டில் நேரம் திருத்தப்பட்டதையும் முதலில் காண்பவர்கள் இரவுப் பணிச் செவிலியரும், ஆய்வகத் தொழில்நுட்பரும், வார்டு ஆயாவுமே. ஜீவனோபாயம் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் இவர்கள் எழுதும் மனுவானது, விளக்கம் கோரி, எவர்மீது புகாரோ அவரிடமே நகலாய்ப் போய்ச் சேருவதைக் காட்டிலும் அநீதி வேறென்ன இருக்கிறது?

சக மருத்துவரின் திறமையின்மையையும் நேர்மையின்மையையும் அச்சமோ தயவோ இன்றி வெளிப்படுத்த வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள் பணிக்கின்றன. ஆனால் அச்சத்தின் காரணத்தை நீக்க அவை வழி சொல்லவில்லை, செவிலியருக்கு அவை பொருந்துவதுமில்லை. முறைகேடுகளை அறிவிப்போரைக் காக்க 2014 மே மாதத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டமோ, இன்றளவும் அமலுக்கு வராததோடு, பொது ஊழியர்களைப் பற்றிய புகாரோடு நின்று, தனியார் மருத்துவமனைகளைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு செய்யும் புகார் அவதூறாகாது என்று தண்டனைச் சட்டம் சொல்வது மெய்தான். ஆயினும் அந்த நல்லெண்ணத்தை நிரூபிக்கவே ஓர் ஏழைச் செவிலியர் கோர்ட்டுப் படியேற நேருமாயின், அதைப் பாதுகாப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

காழ்ப்பினால் பொய்ப் புகார்கள் பெருகும் என்று மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். பொய்யென்று தெரிந்தே புகார் செய்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்று அந்த 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதற்குப் பரிகாரம் உண்டு.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், இருதய அறுவையில் குழந்தைகள் மிகுதியாக இறப்பதைச் சுட்டிக்காட்டிய ஸ்டீபன் போல்சின் என்ற மயக்கவியல் மருத்துவர் 1996இல் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். உண்மையை அறிவிக்கும் ஊழியரைக் காக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1998இல்தான் பிறந்தது. நாம் அத்தனை தூரம் போகவேண்டியதில்லை. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டின் கைவசமிருக்கிறது. மருத்துவரைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008இல் தனிச்சட்டமே இயற்றிய இம்மாநிலம், அந்தப் பழைய சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, புகார் செய்தவரின் பெயரை விசாரணை அதிகாரி ஒருவரைத் தவிர மற்றெவரும் அறியலாகாது என்றும், புகாருக்குப் பின் ஓராண்டுக்குள் ஒப்பந்த ஊழியரை நீக்கினால் அதற்குப் புகார் காரணமன்று என நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தையே சாரும் என்றும் விதிக்கட்டும்.