உயிருள்ள பூஜ்யம்

மின்னோட்டச் சுற்றில் ஓடுகிற இரண்டு கம்பிகளையும், அவற்றுக்கு உயிரூட்டுகிற 24 வோல்ட் சப்ளையையும் சென்ற வாரம் பார்த்துவிட்டோம். தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அதற்கு மேல் ஞாபகப்படுத்த அவசியமில்லை. மின்னிரைச்சலை வடிகட்டும் உபாயத்தை இந்த வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்ததிலிருந்து 4 என்கிற எண் மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

தண்ணீர்த் தொட்டியின் அடியில் மூழ்கிக் கிடந்து, தன்மேல் நிற்கும் ஜலத்தின் அழுத்தத்தைக் கொண்டு ஐந்து மீட்டர் வரை ஆழத்தை அறிவிக்கும் ஒரு சென்சாரை எடுத்துக்கொள்வோம். தொட்டி நிரம்பியிருந்தால் அது 20 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் சுற்றில் ஓடவிடுகிறது. பாதியாக இருந்தால் 12. ஒரு சொட்டும் இல்லாவிட்டால் 4. இல்லை என்று சொல்வதற்கும் ஏன் நான்கு மில்லி ஆம்பியரைச் செலவிட வேண்டும்? இரண்டே கம்பிகளில் வாழ்கிற சாதனத்துக்கு ஆகாரமும் அந்தக் கம்பிகளின் வழியாகவே வரவேண்டியிருப்பதால், தன் உள்ளிருக்கும் மின்னணுக் கருவிகள் அனைத்தையும் அந்த நான்குக்குள்ளேயே நடத்திக்கொள்கிறது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் இதைவிடச் சூக்ஷ்மமானது. தொட்டி காலியாகிவிட்டது என்ற செய்தியும், கம்பி அறுந்து செய்தியே வரவில்லை என்ற நிலைமையும் ஒன்றாகிவிடாதபடி அந்த நான்கு காவல் நிற்கிறது. இதைத்தான் இத்துறையினர் உயிருள்ள பூஜ்யம் என்கிறார்கள்.

இந்த யுக்தி மின்சாரத்தோடு பிறந்ததன்று என்று அறிந்தபோது எனக்கு உண்டான ஆனந்தத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் ரசாயனத் தொழிற்சாலைகளிலும், ஒரு சிறு பொறி பறந்தாலும் விபரீதம் நேரிடக்கூடிய இடங்களில், அளவுகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் சென்றது குழாய்களில் அடைத்த காற்று. சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அழுத்தம் என்றால் பூஜ்யம். 15 பவுண்டு என்றால் பூரணம். குழாய் உடைந்தால் அழுத்தம் மூன்றுக்கும் கீழே இறங்கி, பழுது தானாகவே வெளிப்பட்டுவிடும். 3-க்கு 15 எப்படியோ அப்படியே 4-க்கு 20; இரண்டிலும் ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதமே. காற்று போய் மின்சாரம் வந்தது. 1975-இல் அமெரிக்காவின் கருவியியல் சங்கம் 4 முதல் 20 வரை என்பதைப் பிரமாணமாக வெளியிட்டது. குழாய்கள் மறைந்தும் அவற்றின் விகிதம் மறையவில்லை.

டெலிபிரிண்டர் யந்திரங்களுக்கும் இதே சுபாவம் உண்டு. 20 மில்லி ஆம்பியர் சுற்றில் இயங்கிய மாடல் 33 முதலியவற்றில், எழுத்து எதுவும் வராதிருக்கும் வேளையிலும் மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். கம்பி அறுந்துவிட்டால், யந்திரம் ஓயாமல் சடசடத்து அதைத் தெரிவிக்கும்.

நம் மேஜைமேல் இருக்கும் ஆர்டுயினோ ஊனோவுக்கு வருவோம். அதற்கு மின்னோட்டத்தை அளக்கத் தெரியாது. மின்னழுத்தத்தை மாத்திரமே அளக்கும். ஆகையால் சுற்றின் பாதையில் 250 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால், 4 மில்லி ஆம்பியர் 1 வோல்ட்டாகவும் 20 மில்லி ஆம்பியர் 5 வோல்ட்டாகவும் மாறிவிடுகின்றன. போர்டு அவற்றை ஏறக்குறைய 205, 1023 என்று படிக்கும். இடையிலுள்ள 818 படிகளில் ஐந்து மீட்டரைப் பகிர்ந்தால் படி ஒன்றுக்கு ஆறு மில்லி மீட்டருக்குச் சற்று அதிகம். வீட்டுத் தொட்டிக்கு இது தாராளம். ஆனால் யுஎஸ்பி கம்பியின் வழியே வரும் 5 வோல்ட் உண்மையில் 4.8 ஆக இருந்துவிட்டால், அதையே அளவுகோலாகக் கொள்கிற போர்டு பாதித் தொட்டியை 614 என்பதற்குப் பதிலாக 640 என்று படித்து, பதினாறு சென்டி மீட்டர் தண்ணீரை இல்லாத இடத்தில் உண்டாக்கிவிடும். உச்சியில் 5 வோல்ட் வந்தால் அதை அளக்கவும் இடமிராது. ஆதலால் 220 ஓம் ரெசிஸ்டரே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்: 4.4 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது. படிகள் சுமார் 720-ஆகக் குறைவது பெரிய நஷ்டமன்று. 4.8 வோல்ட்டினால் நேரும் பிழையை இது போக்காது. சப்ளையை அளந்து அந்த எண்ணைப் புரோகிராமில் எழுதுவதே அதற்குப் பரிகாரம்.

இவ்வளவையும் சிரத்தையாகச் செய்கிறவர்கள், கடைசியில் புரோகிராம் எழுதும்போது, தலைமுறைகள் கடந்து வந்த அந்த நான்கை ஒரே வரியில் பறிகொடுத்துவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம். கம்பி அறுந்தால் வருவது 0 மில்லி ஆம்பியர். அதைச் சூத்திரத்தில் இட்டால் ஆழம் மைனஸ் 1.25 மீட்டர் என்று விடை வரும். மைனஸ் ஆழம் பார்வைக்கு அழகாயில்லை என்று எண்ணி, பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் தடுக்கும் வரியொன்றைச் சேர்க்கிறார்கள். உடனே தொட்டி காலி என்று தீர்மானமாகிறது. மோட்டார் ஓடத் தொடங்குகிறது. நிரம்பிய தொட்டி நிரம்பிக்கொண்டே இருக்கிறது. அசம்பாவிதத்தை உரக்கச் சொன்ன சென்சாரின் வாயை அந்த ஒரு வரி அடைத்துவிட்டது.

ஜெர்மனியை மையமாகக் கொண்ட நாமூர் என்னும் தொழிற்சாலைக் கூட்டமைப்பு தன் 43-ஆம் பரிந்துரையில் இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. 3.8 முதல் 20.5 வரை வருவன அளவுகள், 3.6-க்குக் கீழும் 21-க்கு மேலும் வருவன பழுதின் அறிவிப்புகள். 220 ஓம் ரெசிஸ்டரில், சப்ளை சரியாக 5 வோல்ட்டாக இருக்கும்போது, 3.6 என்பது ஏறக்குறைய 162. ஆகவே ஆழத்தைக் கணக்கிடுவதற்கு முன்னால், படித்த எண் 162-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மோட்டாரை நிறுத்தி விளக்கை எரியவிடுங்கள். அதற்குப் பிறகு சூத்திரம் வரட்டும்.

இரைச்சலால் எண் ஒரு கணம் 162-ஐத் தொட்டு மீண்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்கக்கூடும். வடிகட்டும் விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)