லென்ஸ் மூடியைக் கழற்றாமலே 36 படம் எடுக்கலாம், தெரியுமா?

லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டு ஒரு ரோல் முழுக்க, 36 படமும் எடுத்து முடிக்க முடியும், தெரியுமா? ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் முடியும்! எடுக்கிறவர் கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். ஃபோகஸ் கூடக் கச்சிதமாகப் பொருந்தும். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. காரணம் எளிது. இந்தக் கேமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, உடம்பின் ஓரத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாக. ஜன்னலின் நடுவே ஒரு சின்னக் கட்டம். அதற்குள் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கிவந்து ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். உட்கார்ந்த கணத்தில் ஃபோகஸ்!

இந்த ஒரே ஏற்பாட்டிலிருந்து கிளைக்கும் ஆச்சரியங்கள் கொஞ்சமல்ல. எந்த லென்ஸ், எந்த ஃபிலிம், எந்த ஃப்ளாஷ் என்று மூன்று கேள்வியாகக் கேட்கிறோமே, உண்மையில் அது ஒரே கேள்வி! ஒன்றுக்குப் பதில் சொன்னால் மற்ற இரண்டும் பாதி முடிவாகிவிடும். எப்படி என்று பாருங்கள்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வானத்தை இடிமழைக்கு முந்தைய கருமையாக மாற்ற வேண்டுமா? லென்ஸின் முன் சிவப்பு ஃபில்டர் போட வேண்டும். லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராவில் அதைப் போட்டால் வ்யூஃபைண்டர் முழுக்கச் சிவப்பு இருட்டு. ரேஞ்ச்ஃபைண்டரிலோ ஜன்னல் ஜன்னலாகவே இருக்கும், ஒரு துளி மங்காது! அகச்சிவப்பு ஃபிலிமுக்கான, கண்ணுக்கு ஏறக்குறைய கரிக்கட்டையாகத் தெரியும் ஃபில்டரைக்கூட மாட்டிக்கொண்டு, சாவகாசமாகக் காட்சியைப் பார்த்தபடியே எடுக்கலாம்.

அதே கேமராவைச் சூரியனைப் பார்த்து வைத்தால் ஷட்டரில் ஓட்டை விழும், தெரியுமா? எஸ்.எல்.ஆரில் குறுக்கே ஒரு கண்ணாடி நின்று வெயிலைத் தடுக்கும். இங்கே அது கிடையாது. லென்ஸ் வெயிலைக் குவித்து நேராகத் துணித் திரைமேல் பாய்ச்சும், திரை பொசுங்கும். மூடிக்கு முக்கியமான வேலை இதைத் தடுப்பதுதான். தெருவில் நடக்கும்போது மூடியைக் கழற்றியே வைத்திருக்க வேண்டுமானால் லென்ஸைத் தரையைப் பார்க்கத் தொங்கவிடுங்கள், தூரத்தை முடிவிலியிலிருந்து இறக்கி வையுங்கள்.

கண்ணாடி இல்லாததால் கிடைத்த பெரும் பரிசு அகலக்கோண லென்ஸ்! நிக்கான் எஃப் போன்ற எஸ்.எல்.ஆரில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் 46.5 மி.மீ. இடைவெளி. லைக்கா எம் கேமராவில் 27.8 மி.மீ.தான். அதனால் லென்ஸின் பின்கண்ணாடியை ஃபிலிமுக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்த முடிந்தது. லுட்விக் பெர்ட்டெலே ஸைஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்து, 1954-ல் வெளிவந்த 21 மி.மீ. பயோகான் அப்படிப் பிறந்தது. கட்டடங்களின் ஓரக் கோடுகள் துளியும் வளையாமல் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கும்.

லைக்காவின் பழைய திருகு வளையத்துக்கு இடைவெளி 28.8 மி.மீ. புதிய எம் வளையத்துக்கு 27.8. வித்தியாசம் சரியாக ஒரு மில்லிமீட்டர்! ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வளையம் இருந்தால் போதும், 1930-களின் லென்ஸ் இன்றைய லைக்காவில் ஃபோகஸ் பிசகாமல் உட்காரும். பழைய லென்ஸ் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

ஆனால் முதல் லைக்காவில் ரேஞ்ச்ஃபைண்டரே கிடையாது, தெரியுமா? வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், சினிமா ஃபிலிமின் இரண்டு கட்டங்களைச் சேர்த்து 24×36 மி.மீ. என்று ஒரு படம் ஆக்கினார். அந்தக் கேமரா 1925-ல் லைப்சிக் சந்தையில் அறிமுகமானபோது தூரத்தை உத்தேசமாகத்தான் வைக்க வேண்டியிருந்தது. 35 மி.மீ. கேமராவில் லென்ஸோடு பிணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1932-ல்தான் வந்தது. லைக்கா II, ஸைஸ் ஐக்கானின் கான்டாக்ஸ் என்று போட்டியாளர் இருவருமே அதே ஆண்டில் கொண்டுவந்தார்கள்!

கேனானின் முதல் கேமராவில் இருந்த லென்ஸ் நிக்கான் குடும்பத்து நிக்கார், தெரியுமா? 1936-ன் ஹன்ஸா கேனானுக்கு 50 மி.மீ. லென்ஸ் செய்து கொடுத்தது நிப்பான் கோகாகு, பிற்காலத்தில் நிக்கான் என்று பெயர் மாறிய அதே நிறுவனம். அந்த நிக்காரை மேற்குலகம் கண்டுகொண்டது 1950-ல். லைஃப் இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் அதைச் சோதித்துப் பார்த்து அசந்துபோனார். தன் ஜெர்மன் கேமராவில் ஜப்பான் லென்ஸை மாட்டிக்கொண்டு கொரியப் போர்முனைக்குப் போனார். அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் அதைச் செய்தியாகவே போட்டது!

இன்னொரு கிளைக்கதை உக்ரைனின் கார்கிவ் நகரில். தெருவில் திரிந்த ஆதரவற்ற சிறுவர்களுக்காக அங்கே ஒரு குடியிருப்பு இருந்தது. கல்வியாளர் அன்டோன் மக்கரென்கோ நடத்தியது. அந்தப் பிள்ளைகளின் கையால் 1934-லிருந்து லைக்கா II-ன் நகல் ஒன்று உருவாகிவந்தது. பெயர் ஃபெட். சோவியத் ரகசியக் காவல்துறையை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்முன்டோவிச் ஜெர்ஷின்ஸ்கியின் முதலெழுத்துகள்! இரண்டாம் உலகப் போருக்குப்பின் வந்த சோவியத் லென்ஸ்களில் ஜூபிட்டர்-8, ஸைஸின் சோனார் வடிவத்தின் வாரிசு. குறைந்த காசில் சோனாரின் குழைவான பின்புலம் வேண்டுமென்றால் முதலில் தேட வேண்டியது இதைத்தான். லைக்காவில் மாட்டும்போது மட்டும் கவனம்: முழுதாகத் திறந்து கிட்டத்தில் எடுத்தால் ஃபோகஸ் சற்று நழுவலாம்.

அந்தச் சோனார் ஏன் அப்படிப் புகழ் பெற்றது? கண்ணாடிக்கும் காற்றுக்கும் நடுவிலான ஒவ்வொரு பரப்பும், பூச்சு இல்லாத காலத்தில், சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பியடித்தது. எட்டுப் பரப்பு உள்ள லென்ஸில் கால்வாசிக்கும் மேல் காணாமல் போகும்! பெர்ட்டெலே கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டி, 50 மி.மீ. எஃப்/1.5 லென்ஸை ஆறே பரப்புகளில் முடித்தார். ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மகுலா ஒளித் திருப்பத்தைக் குறைக்கும் பூச்சைக் கண்டுபிடித்தது அதன் பிறகு, 1935-ல்.

நீளமான லென்ஸ் ஏன் 135 மி.மீ.யோடு நின்றுவிடுகிறது? இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் ஃபோகஸின் நுட்பத்தை முடிவு செய்கிறது. கைக்கு அடங்கும் கேமராவில் அது ஏழு சென்டிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், அதற்கு மேல் நீண்ட லென்ஸை நம்பிக்கையாக ஃபோகஸ் செய்ய முடியாது. ஆனாலும் 90 மி.மீ. என்ன செய்யும் தெரியுமா? 1960 மார்ச் 5, ஹவானா. புகைப்படக்காரர் அல்பர்ட்டோ கோர்டா கையில் லைக்கா எம்2, 90 மி.மீ. லென்ஸ். மேடைமேல் சே குவேரா சில விநாடிகள் வந்து நின்றார். கோர்டா எடுத்தது இரண்டே படங்கள். உலகம் முழுக்கச் சட்டையிலும் சுவரிலும் இருக்கும் அந்த முகம் அதில் ஒன்று!

இதற்கு நேர் எதிர்த் துருவம், கொசினா நிறுவனம் வோக்லண்டர் பெயரில் 1999-ல் கொண்டுவந்த 15 மி.மீ. லென்ஸ். அதற்கு ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பே வைக்கவில்லை! தேவையில்லை என்பதுதான் காரணம். எஃப்/8-ல் சுமார் அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். 35 மி.மீ. லென்ஸில் அதே எஃப்/8-ல், தூரத்தை 5 மீட்டரில் வைத்தால், இரண்டரை மீட்டரிலிருந்து முடிவிலி வரை தெளிவு. கண்ணைக் கொண்டுபோகாமலே கிளிக் செய்யலாம்.

எஃப்/8 என்றேன், அங்கேதான் ஃபிலிம் உள்ளே வருகிறது. எஃப்/8-ல் தெருவில் வேலை செய்ய வேண்டுமானால் ஐஎஸ்ஓ 400 வேண்டும். லைக்கா எம்3 வெளிவந்ததும் 35 மி.மீ. ட்ரை-எக்ஸ் வெளிவந்ததும் ஒரே ஆண்டு, 1954! அப்போது ட்ரை-எக்ஸின் வேகம் 200 என்று எழுதியிருந்தது. 1960-ல் அது 400 ஆனது. ஃபிலிமில் எதையும் மாற்றவில்லை! கூடுதல் பாதுகாப்புக்காகச் சேர்த்திருந்த ஒரு ஸ்டாப்பை, அதாவது இரட்டிப்பு வெளிச்சத்தை, அமெரிக்கத் தர அளவு நீக்கிவிட்டது, அவ்வளவுதான். நெகட்டிவ் ஃபிலிம் ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தை அலட்டாமல் தாங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பெட்டியில் 3200 என்று போட்டிருக்கும் இல்ஃபோர்ட் டெல்டாவின் உண்மை வேகம் ஐஎஸ்ஓ 1000-ஐ ஒட்டித்தான், தெரியுமா? மீதி, கழுவும் நேரத்தை நீட்டிப் பெறுவது. இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான், ஆனால் கலர் லேபில் கலர் ரசாயனத்திலேயே கழுவலாம். சினிஸ்டில் 800டி என்பது கோடாக்கின் சினிமா ஃபிலிம், முதுகில் உள்ள கரிப்படலத்தை நீக்கியது. தடுக்கப் படலம் இல்லாததால் தெருவிளக்கைச் சுற்றிச் சிவப்பு ஒளிவட்டம் பூக்கிறது!

கோடாக்ரோமைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு சங்கீதக்காரர்கள். மேன்ஸ் பியானோ, கோடௌஸ்கி வயலின். இருட்டறையில் கடிகாரம் பார்க்க முடியாதே! பிராம்ஸின் சிம்பொனியைச் சீராக விசிலடித்து நேரத்தை அளந்தார்கள். 1936-ல் 35 மி.மீ. கேமராவுக்கு வந்த அந்த ஃபிலிமின் வேகம், இன்றைய கணக்கில் சுமார் 10தான். எஃப்/2, எஃப்/1.5 லென்ஸ்களுக்கு அன்று ஏன் அவ்வளவு மவுசு என்று இப்போது புரிகிறதா? லென்ஸில் இரண்டு ஸ்டாப் கூடினால், ஃபிலிம் வேகம் நான்கில் ஒரு பங்கு போதும். 1961-ல் கேனான் எஃப்/0.95 வரை போய்விட்டது. அதை முழுதாகத் திறந்து ஒரு மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 2 சென்டிமீட்டர். இமை தெளிவு, காது மறைவு!

என்னைக் கேட்டால், எஃப்/2 போதும், மிச்சத்தை ஃபிலிமிடம் விடுங்கள். கண்ணாடி தட்டி அதிரும் வேலை இங்கே இல்லை என்பதால், மூச்சை அடக்கி 1/15 விநாடியில்கூடக் கையில் பிடித்து எடுக்கலாம்.

இப்படி ஃப்ளாஷே தொடாமல் வாழ்ந்தவர் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன். 50 மி.மீ. லென்ஸ், கிடைத்த வெளிச்சம், அவ்வளவே. 1950 ஏப்ரலில் அவர் தமிழ்நாட்டில் இருந்தார், தெரியுமா? திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களை எடுத்தார். அதே மாதம் புதுச்சேரிக்குப் போய், பல ஆண்டுகளாக யாருக்கும் படத்துக்கு உட்காராத ஸ்ரீ அரவிந்தரை எடுத்தார்!

ஃப்ளாஷ் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு அதிர்ச்சி. பல்லாயிரம் டாலர் லைக்கா எம்6-ஆல் செய்ய முடியாததை, பழைய கேனானெட் கேமரா செய்யும்!

லைக்காவின் துணித் திரை 1/50 விநாடி வரைதான் ஃபிலிமை முழுதாகத் திறக்கும். அதைவிட வேகமாக வைத்தால் ஒரு சின்ன இடுக்குதான் ஓடும். ஃப்ளாஷோ ஆயிரத்தில் ஒரு விநாடியில் மின்னி மறையும். அந்த நேரத்தில் இடுக்கு எங்கே இருக்கிறதோ அந்தப் பட்டை மட்டும் படம், மீதி இருட்டு. ஆகவே 1/50. இப்போது உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே விழும் நிழலைப் போக்க ஃப்ளாஷ் அடிக்கப் போகிறீர்கள். ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு அந்த வெயிலில் 1/400, எஃப்/16 வேண்டும். 1/50-க்கு இறங்கினால் எஃப்/45! பெரும்பாலான லென்ஸ் எஃப்/16-ஓடு நின்றுவிடும். ஐஎஸ்ஓ 50 ஃபிலிம் போட்டால்தான் கணக்கு ஒத்துவரும். இல்ஃபோர்ட் பான் எஃப் ப்ளஸ் போல. ஆனால் எஃப்/16-ல் சாதாரணக் கையடக்க ஃப்ளாஷ் எட்டுவது ஒன்றேகால் மீட்டர்தான்.

கேனானெட் க்யூஎல்17 ஜிIII-ல் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாக விரிகிறது. எந்த வேகத்திலும் முழுதாகத் திறக்கும். 1/500-ல் ஃப்ளாஷ் ஒத்துழைக்கும்! அதே வெயில், அதே ஐஎஸ்ஓ 50, அதே ஃப்ளாஷ். 1/500 வைத்தால் எஃப்/5.6-ஐ ஒட்டித் திறக்கலாம், எட்டும் தூரம் மூன்றரை மீட்டர். வெயிலில் மனிதர்களை ஃப்ளாஷோடு எடுப்பதுதான் உங்கள் ஆசை என்றால், இந்தச் சின்னக் கேமராவை வாங்குங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

அந்தத் தூரக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஃப்ளாஷுக்கு ஒரு கைடு நம்பர் உண்டு. ஐஎஸ்ஓ 100-க்கு 28 என்று வையுங்கள். அதைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர்! மூன்றரை மீட்டர் என்றால் எஃப்/8. ஐஎஸ்ஓ 400 ஆனால் நம்பர் இரட்டிப்பாகி 56. தூரத்தை யார் சொல்வது? ரேஞ்ச்ஃபைண்டர் தானே சொல்கிறது! முகத்தில் ஃபோகஸ் செய்துவிட்டு லென்ஸில் எழுதியிருக்கும் மீட்டரைப் படித்தால் போதும். கேனோலைட் டி ஃப்ளாஷை மாட்டினால் கேனானெட் அந்த வகுத்தலையும் தானே செய்து அப்பர்ச்சரை வைத்துக்கொள்ளும்.

நியூயார்க்கின் பத்திரிகைப் புகைப்படக்காரர் வீஜி இன்னும் சுருக்கமானவர். ஸ்பீட் கிராஃபிக் கேமராவில் எஃப்/16, பத்தடி தூரம், ஃப்ளாஷ் பல்பு. குற்றம் நடந்த இடத்துக்கெல்லாம் இதே அளவு!

பழைய கேமராவில் எம், எக்ஸ் என்று இரண்டு குறி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? ஃப்ளாஷ் பல்பு உச்ச வெளிச்சத்துக்கு வர ஐம்பதில் ஒரு விநாடி பிடிக்கும். அதனால் ‘எம்’மில் பல்பு முதலில் பற்றும், ஷட்டர் பிறகு திறக்கும். இன்றைய மின்னணு ஃப்ளாஷை அதில் வைத்து எடுத்தால், ஷட்டர் திறக்குமுன் ஒளி வந்து போயிருக்கும். கண்கூச மின்னியும் படம் இருட்டு! எப்போதும் ‘எக்ஸ்’.

கடைசியாக, மறுபடி ஃபிலிமுக்கு வருவோம். அது நம் ஊட்டியிலேயே தயாரானது, தெரியுமா? 1960-ல் தொடங்கிய மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், மலைக்குளிரில் ஃபிலிம் பூசியது. வெப்பம்தான் ஃபிலிமுக்கு எதிரி, ஆகவே வாங்கிய ரோலை ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள். வெளிச் சூட்டுக்கு வர ஓரிரு மணி நேரம் விடாவிட்டால் ஃபிலிம்மேல் ஈரம் படியும். விமான நிலையத்தில் செக்-இன் பெட்டிக்குள் ரோலைப் போடவே கூடாது, அங்குள்ள கதிர் பலமானது. கைப்பைக்கும் இப்போது பல இடங்களில் சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது, ஒரே தடவையில் ஃபிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும். ஒளி ஊடுருவும் உறையில் ரோல்களை வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐஎஸ்ஓ 3200 என்றால் விடாமல் கேளுங்கள்!