நூலக வரி: யார் தருகிறார்கள், எங்கே போய்ச் சேர்கிறது?

தமிழ்நாட்டில் சொத்து வரியோ வீட்டு வரியோ கட்டும் ஒவ்வொருவரும் பொது நூலகத்துக்கும் பணம் தருகிறார்கள். அந்த வரியில் ரூபாய்க்குப் 10 காசு நூலக வரி. அரையாண்டுக்கு 1,500 ரூபாய் சொத்து வரி வரும் நகரத்து வீடு நூலகத்துக்குத் தருவது 150 ரூபாய்; ஆண்டுக்கு 100 ரூபாய் வீட்டு வரி வரும் கிராமத்து ஓட்டு வீடு தருவது 10 ரூபாய். வாடகைக்குக் குடியிருப்பவரும் இதற்கு விலக்கல்ல. வீட்டுக்காரர் வரியையும் மனத்தில் வைத்துத்தான் வாடகையைச் சொல்கிறார். மக்கள் வரிப்பணத்தில் நூலகம் நடத்தலாமா என்ற கேள்விக்கு இங்கே சட்டமே எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் அந்தப் பதில். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் இது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதனின் பல ஆண்டு உழைப்பு இதன் பின்னால் இருக்கிறது. சட்டமன்றத்தில் நிறைவேற்றித் தந்தவர் அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அன்றைக்கு வைத்த வரி ரூபாய்க்கு அரையணா. உள்ளாட்சி மன்றம் வீட்டு வரியோடு சேர்த்து வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஆணைக்குழு அந்தப் பணத்தைக் கொண்டு மாவட்ட மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள் ஆகியவற்றை நடத்தும். இன்று மாநிலத்தில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருப்பதற்கு இந்த ஏற்பாடே அடிப்படை.

எல்லா மாநிலங்களும் இந்த வழியில் போகவில்லை. மகாராஷ்டிரம் 1967இல் சட்டம் இயற்றியபோது தனி வரி விதிக்காமல் அரசு மானியத்தையே நம்பியது. 1989இல் சட்டம் கொண்டுவந்த கேரளம் இரண்டையும் இணைத்தது: கட்டட வரியின்மேல் 5 விழுக்காடு நூலக வரி; அதோடு மாநிலக் கல்விச் செலவில் குறைந்தது 1 விழுக்காட்டை அரசும் தர வேண்டும்.

நூலகத்துக்கு வரி என்ற எண்ணம் பிரிட்டனில் பிறந்தபோது அதை எளிதில் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அங்கே 1850இல் வந்த சட்டப்படி, ஒரு நகரம் நூலகம் தொடங்க வேண்டுமானால் வரி கட்டுவோர் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். வரியோ பவுனுக்கு அரைப் பென்னிதான். அதையும் கட்டடத்துக்கும் ஆளுக்கும் செலவிடலாமே தவிர, புத்தகம் வாங்கக் கூடாது! புத்தகங்களைப் பெரிய மனிதர்கள் தானமாகத் தருவார்கள் என்று நம்பினார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1855இல், சட்டத்தைத் திருத்தி வரியை ஒரு பென்னியாக்கிப் புத்தகம் வாங்கவும் அனுமதி தந்தார்கள்.

நூலகத்துக்கு அள்ளிக் கொடுத்தவர் என்று பெயர் பெற்ற ஆண்ட்ரூ கார்னகியும் தானத்தை மட்டும் நம்பவில்லை. அவர் பணத்தில் உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூலகக் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் கேட்ட ஊருக்கெல்லாம் அவர் வைத்த நிபந்தனை பொதுவாக ஒன்றுதான்: இடத்தை ஊர் தர வேண்டும், கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து நூலகத்துக்கு ஒதுக்க வேண்டும். கட்டடம் ஒருநாள் செலவு. நூலகரும் விளக்கும் நாளிதழும் புதுப் புத்தகமும் ஒவ்வொரு மாதச் செலவு. அந்தச் செலவை நன்கொடையாளர் யாரும் தலைமுறை தலைமுறையாகத் தாங்க முடியாது.

சென்னையில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில், ஆட்சி மாறியிருந்த நிலையில், அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நூலகம் நூலகமாகவே நிலைத்தது. பட்ஜெட்டில் ஒதுக்கிக் கட்டும் பெரிய நூலகங்கள் தேவைதான். மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அரசு இருநூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டது. தென்மாவட்டங்களுக்கு அது பெரிய கொடை. ஆனால் அரசின் விருப்பத்தை மட்டும் நம்பும் நிதியைவிடச் சட்டத்தில் எழுதப்பட்ட வரியே உறுதியானது.

அப்படியானால் நூலக வரி தரும் ஊர்களில் நூலகம் ஏன் ஒழுகுகிறது? முதல் காரணம் வசூலுக்கும் ஒப்படைப்புக்கும் இடையிலான தூரம். மக்கள் உரிய நாளில் கட்டிய நூலக வரியைப் பல உள்ளாட்சிகள் தங்கள் அவசரச் செலவுகளுக்குத் திருப்பிவிட்டு நிலுவை வைக்கின்றன. அந்தப் பணம் உள்ளாட்சியினுடையது அல்ல. வசூலித்துக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. இரண்டாவது காரணம் வரியின் அமைப்பிலேயே இருக்கிறது. மாடிக் கட்டடங்களும் கடைகளும் நிறைந்த மாவட்டத்துக்கு நூலக வரி பெருகும். குடிசையும் ஓட்டு வீடும் மிகுந்த மாவட்டத்துக்குச் சொற்பமே கிடைக்கும். புத்தகம் வாங்க வசதியில்லாத வீடுகள் எங்கே அதிகமோ அங்கேதான் நூலக நிதியும் குறைவு. இந்தப் பள்ளத்தை மாநில அரசின் பொது நிதிதான் நிரப்ப முடியும். கேரளத்தைப் போல அதையும் சட்டக் கடமையாக்குவது நல்லது.

கைப்பேசி இருக்கும்போது நூலகம் எதற்கு என்பது இன்று அடிக்கடி எழும் ஆட்சேபம். எந்த ஊர்க் கிளை நூலகத்துக்கும் காலை பத்து மணிக்குப் போனால் விடை தெரியும். நாளிதழ் மேசையைச் சுற்றி ஓய்வு பெற்றவர்கள்; உள்ளே சுவரோரம் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள், பலர் சொந்தப் புத்தகத்தோடு. அவர்கள் தேடி வருவது அமைதியான ஒரு நாற்காலியை. ஒரே அறையில் நான்கு பேர் வாழும் வீட்டில் அது கிடைக்காது. நூலகத்தின் பயனை இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பவர்கள் இவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு பயன் வாசகர் கண்ணுக்குத் தெரியாதது. தமிழ்ப் பதிப்பகங்கள் பலவும் நூலக ஆர்டரை எதிர்பார்த்தே அச்சுப் பிரதிகளின் எண்ணிக்கையை முடிவு செய்கின்றன. ஆர்டர் தள்ளிப்போனால் கவிதையும் ஆய்வு நூலும் முதலில் அடிபடும். கிளை நூலக அலமாரியில் பழைய புத்தகங்களே தூசி படிந்து நிற்கும்.

வரி கட்டுபவர் கேட்க வேண்டிய கணக்கு மூன்று வரியில் அடங்கும்: தங்கள் ஊரில் இந்த ஆண்டு வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குப் போனது எவ்வளவு, அதில் புத்தகத்துக்கும் கட்டடப் பழுதுக்கும் செலவானது எவ்வளவு. இந்தத் தொகைகளை ஒவ்வொரு நூலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஆண்டுதோறும் எழுதி வைக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுக் கொடுத்துக் கேட்கவும் வழி இருக்கிறது.