எல்லை தாண்டும் தகவலும் பழைய உலாவிகளும்

2020 மே மாதத்தில், பாலக்காட்டின் வாளையாறு சோதனைச் சாவடியிலும் இடுக்கியின் குமுளியிலும் ஊர் திரும்ப முனைந்தோர் காத்து நிற்க நேர்ந்தது. புறப்படும் மாநிலத்தின் அனுமதி மட்டும் போதவில்லை. சென்று சேரும் கேரளத்தின் அனுமதியையும் ‘கோவிட் ஜாக்ரதா’ இணையதளத்தின் வழியே பெற வேண்டியிருந்தது. கணினி உலகிலும் இத்தகைய எல்லை விதி ஒன்று உண்டு.

விதியின் நோக்கம்

ஒரு தளத்திலிருந்து வந்த நிரல், வேறொரு தளத்தின் தகவலைப் படிக்க உலாவி இடமளிப்பதில்லை. வங்கிக் கணக்கைத் திறந்து வைத்திருப்பவரின் விவரங்களைத் தீய தளமொன்று கவர்ந்துவிடாமல் காப்பதே இதன் நோக்கமாகும். 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவியுடன் இவ்விதி தோன்றியது. தகவலை வைத்திருக்கும் சர்வர், தன் பதிலில் ‘அக்செஸ்-கன்ட்ரோல்-அலோ-ஆரிஜின்’ என்னும் குறிப்பைச் சேர்த்து இசைவு தந்தால் மட்டுமே விலக்கு உண்டு. இங்கும் அனுமதி தர வேண்டியது எதிர்ப்பக்கமே.

பழைய உலாவிகளின் சிக்கல்

2009-ல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8, இதற்கென ‘எக்ஸ்டொமைன்ரிக்வெஸ்ட்’ என்னும் தனி வழியைக் கொண்டிருந்தது. 9-ஆம் பதிப்பும் அதனையே பின்பற்றியது. பொது முறை 2012-ல் வந்த 10-ஆம் பதிப்பில்தான் இடம்பெற்றது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளோ 8-ஆம் பதிப்பைத் தாண்ட இயலாதவை.

குறை காணும் முறை

இவ்வுலாவிகளில் வேண்டுகோள் தவறினால், காரணம் எதுவும் தெரிவிக்கப்படுவதில்லை. எனவே கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சோதிப்பது நலம்:

1. சர்வர் இசைவுக் குறிப்பை அனுப்புகிறதா?

2. பக்கமும் சர்வரும் ஒரே நெறிமுறையில் உள்ளனவா? ஒன்று எச்.டி.டி.பி., மற்றது எச்.டி.டி.பி.எஸ். எனில் வேண்டுகோள் மறுக்கப்படும்.

3. ‘கெட்’, ‘போஸ்ட்’ தவிர வேறு முறை கையாளப்பட்டுள்ளதா? அதற்கு இடமில்லை.

4. குக்கி அல்லது தனித் தலைப்புக் குறிப்புகள் தேவைப்படுகின்றனவா? அவை அனுப்பப்படுவதில்லை, ஆகவே குக்கியை நம்பிய உள்நுழைவுச் சேவைகள் இயங்கா.

இவற்றால் தீராவிடில், தளத்தின் சொந்த சர்வரே அயல் தகவலைப் பெற்றுத் தருமாறு அமைப்பது பொருத்தமான மாற்று ஆகும். உலாவியின் பாதுகாப்பைத் தளர்த்துவது தீர்வாகாது.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-க்கான ஆதரவு விண்டோஸ் 10-ன் பெரும்பாலான பதிப்புகளில் 2022 ஜூன் 15-ல் முடிவுற்றது. கணினியைப் புதுப்பிப்பதே நிலையான வழி. எனினும் அட்டப்பாடியிலோ மறையூரிலோ பழைய கணினி ஒன்றின் முன் ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கும் முதியவர், பிழைச் செய்தியின் பொருளை அறிய மாட்டார். அவருடைய விண்ணப்பம் எல்லையில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது, சேவையை வடிவமைப்போரின் பொறுப்பாகும்.