ஹெலிகாப்டர் இறங்கும் நிலமும் வயலில் கிடக்கும் குப்பையும்

2024-ம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில், பெஞ்சல் புயலையொட்டி, நமது கிருஷ்ணகிரி ஜில்லாவின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. சாலையோரம் நிறுத்தியிருந்த வாகனங்களை வெள்ளம் அடித்துச் சென்றது. இத்தகைய சமயங்களில் பாதை துண்டிக்கப்பட்ட கிராமத்துக்கு ஆகாய மார்க்கமே கதியாகலாம். 2023 டிசம்பரில் தூத்துக்குடி ஜில்லா ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட பிரயாணிகளுக்கு விமானப்படை ஹெலிகாப்டர்களே உணவு கொண்டு சென்றன.

ஆனால் ஹெலிகாப்டர் நம் ஊரில் இறங்குமிடம் விமான நிலையமன்று. யாரோ ஒரு குடியானவரின் நிலம். அந்த நிலத்தில் கிடக்கும் குப்பையே அதற்குச் சத்துரு என்பதைப் பலர் அறியார்.

நமக்கு அண்டையிலுள்ள கர்நாடகத்தில், கல்புர்கி ஜில்லா ஜேவர்கியில், 2023 மார்ச்சு 6-ந் தேதி இது கண்கூடாக நிரூபணமாயிற்று. முன்னாள் முதலமைச்சர் எடியூரப்பா வந்த ஹெலிகாப்டர் தரையை நெருங்கியதும், சுற்றிலும் கிடந்த பிளாஸ்டிக் தாள்களும் பைகளும் மேலே கிளம்பிப் பறந்தன. விமானி இறங்காமல் மேலெழும்பி வட்டமிட்டார். நிலம் சுத்தம் செய்யப்பட்ட பின்னரே இறங்கினார். அவருக்குக் காத்திருக்க அவகாசம் இருந்தது. பிரசவ வேதனையில் இருப்பவளுக்கோ, பாம்பு கடித்தவனுக்கோ அந்த அவகாசம் இராது.

இதன் காரணம் எளிது. எம்.ஐ.-17 என்ற விமானப்படை ஹெலிகாப்டர் முழுப் பாரத்துடன் சுமார் 13 டன் எடையுள்ளது. இவ்வளவு பாரத்தையும் ஆகாயத்தில் தாங்க, 21 மீட்டர் அகலம் சுழலும் அதன் விசிறி காற்றைப் பலமாகக் கீழே தள்ளுகிறது. அக்காற்று தரையில் மோதி நாற்புறமும் பரவுகிறது. அதில் ஒரு பகுதி மேலெழுந்து, மீண்டும் விசிறியின் வழியாகவே கீழிறங்குகிறது. ஆகவே ஓரத்தில் கிடக்கும் தாளும் விசிறிக்குள் வந்து சேரும். அது என்ஜினின் காற்று வாயை அடைக்கலாம். வால் விசிறியில் சுற்றிக்கொள்ளலாம். சரளைக்கல் நிற்பவர்மேல் தெறிக்கும். புழுதி விமானியின் கண்ணை மறைக்கும். 2022 மார்ச்சில் இங்கிலாந்தின் பிளிமத் நகர ஆஸ்பத்திரியில் மீட்பு ஹெலிகாப்டரின் காற்று மட்டுமே அருகில் நடந்தவர்களைத் தள்ளி, ஒரு மூதாட்டி மரணமடைந்தார்.

ஓசூர், சூளகிரி, இராயக்கோட்டைப் பக்கங்களில் தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் போடும் நிலப்போர்வைத் தாள், கிழிந்த பசுமைக்குடில் தாள், நிழல்வலை, உரச்சாக்கு ஆகியவை வயலோரங்களில் குவிகின்றன. தொழிற்சாலைகளை அடுத்த நிலங்களில் தெர்மாகோலும் பொட்டலக் காகிதமும் காற்றில் வந்து சேருகின்றன. ஆதலால் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பது அவசியம்:

1. ஒவ்வொரு கிராமத்திலும் மழைக்காலத்துக்கு முன்பே, மேடும் சமமும் இறுக்கமுமான ஓர் ஏக்கர் நிலத்தை, உரியவர் சம்மதத்துடன், கிராம நிர்வாக அலுவலர் குறித்து வைக்கலாம். சதுரமான ஏக்கர் பக்கத்துக்குச் சுமார் 63 மீட்டர் இருக்கும். பெரிய ஹெலிகாப்டர் நடுவில் இறங்கினாலும் நாற்புறமும் 20 மீட்டர் எஞ்சும். உழுத நிலமும் சேற்று நிலமும் உதவா.

2. பம்புசெட்டுக்குச் செல்லும் மின்கம்பிகள் மேலிருந்து எளிதில் தெரியா. அவை உள்ள திசையைத் தாசில்தாருக்கு எழுதி அறிவிக்க வேண்டும்.

3. ஹெலிகாப்டர் வருமென்று தெரிந்தவுடன், அந்நிலத்திலும் சுற்றிலும் நூறு தப்படி தூரம்வரை தாள், சாக்கு, வைக்கோல், சுள்ளி யாவையும் அகற்றுக. கொட்டகையின் தகரங்களைக் கயிற்றால் கட்டுக. மேலே கல் வைப்பது போதாது. புழுதி நிலமானால் தண்ணீர் தெளிக்கவும்.

4. அடையாளத்துக்குத் துணி விரிக்கலாகாது. சுண்ணாம்பைக் கரைத்துக் கோடிடுக.

5. மாடுகளைத் தொலைவில் கட்டுக. துண்டு, முக்காடு, குடை வேண்டாம். விமானி சைகை காட்டும்வரை யாரும் நெருங்கலாகாது. நெருங்கும்போதும் அவர் கண்ணுக்குத் தெரியும்படி முன்புறமாகவே குனிந்து செல்க. வால்பக்கம் செல்வது பிராணாபத்து.

உதவி வேண்டுவோர் 1077 என்ற ஜில்லாப் பேரிடர் எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

இவற்றுள் பெரும்பகுதி ஆபத்துக் காலத்தில் செய்து முடியாது, அன்றாடமே செய்யத்தக்கது. அறுவடை முடிந்ததும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே நிலப்போர்வைத் தாளை முழுதாக உருவிச் சுருட்டிக் கட்டி, மறுசுழற்சிக்கு வாங்குவோரிடம் கொடுத்துவிடுக. உழவில் மடிந்து புதைந்த தாள் வேரையும் நீரையும் தடுத்து அடுத்த வெள்ளாமையைக் கெடுக்கும். கொளுத்தினாலோ நச்சுப்புகை எழும். நிலத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் குடியானவர் தம் மகசூலையும் காக்கிறார். ஆபத்தில் வானிலிருந்து வரும் உதவி திரும்பிப் போகாமலும் காக்கிறார். இதைக் கிராம உத்தியோகஸ்தர்களும் நிலச்சுவான்தார்களும் இவ்வருஷப் பருவமழைக்கு முன்பே கவனிப்பார்களாக.