தோப்புக்குப் போகும் மாலை நேரம்: பாம்பு விஷயத்தில் கவனம்



காவலுக்கும் விவசாயத்துக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி உண்டு. நம்மில் தோப்பும் ஆடும் வைத்திருப்பவர்கள் பலர் அஸருக்குப் பின் நாயோடு தோப்பைச் சுற்றிவிட்டு மஃரிபுக்குத் திரும்புகிறார்கள். பிள்ளைகளும் கூடவே ஓடுகிறார்கள். பாம்புகள் இரை தேடி வெளியே வருவதும் அந்தி சாயும் இந்நேரத்தில்தான்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான். கண்ணாடி விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும். மிதிக்கும் வரை தெரியாது.

நாய் புதருக்குள் மூக்கை நுழைத்துப் பாம்பைக் கிளப்பிவிடும். தான் துள்ளி விலகிவிடும். பின்னால் வரும் நம் கால்தான் கடிபடும். ஆகவே கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். நடுப்பாதையில் நடங்கள். கணுக்காலை மூடும் காலணியும் டார்ச் விளக்கும் அவசியம். நாய் ஓரிடத்தில் நின்று குரைத்தால், என்னவென்று எட்டிப் பார்க்காமல் அதை இழுத்துக்கொண்டு பின்வாங்குங்கள்.

கடித்துவிட்டால் ஓடக்கூடாது, நடக்கவும் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட காலையோ கையையோ ஒரு குச்சியோடு சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டி, அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் கெடுதல். உடனே 108ஐ அழையுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. இந்த நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிவு மருந்துதான். அரசு மருத்துவமனையில் அது இலவசம். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ தெரியாமலே போகலாம். வலி இல்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

நாயைக் கடித்தாலும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதுவும் அல்லாஹ்வின் படைப்புதான்.

ஒன்றை மனம்விட்டுச் சொல்கிறோம். "முதலில் ஓதி ஊதிக்கொண்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று நம்மிடையே சிலர் நினைக்கிறார்கள். ஓத வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வண்டியில் போகும்போதே ஓதுவோம், துஆச் செய்வோம். மருந்து தேடுவதும் சுன்னத்துதான். ஓதுவதற்காக வீட்டில் கழியும் அரை மணி நேரத்தில் விஷம் உடலெங்கும் பரவிவிடும்.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்