சிவந்த மறுவும் தழும்பும்: லேசர் ஒளி எதைச் செய்யும், எதைச் செய்யாது

மூன்று மாதமும் நிரம்பாத பெண் குழந்தை ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு தாய் ஒருவர் எம்மிடம் வந்தார். குழந்தையின் இடது மேல் இமையில் சிவந்து தடித்த மறு ஒன்று இருந்தது. பிறந்த அன்று அங்கே எதுவும் இருக்கவில்லையாம். இரண்டாம் கிழமையில் நுளம்பு கடித்தாற்போல ஒரு புள்ளி; பின்னர் கிழமைக்குக் கிழமை வளர்ந்து, இப்போது இமையைக் கீழே அழுத்திப் பாதிக் கண்ணை மூடிவிட்டது. "கிரகணம் பட்ட பிள்ளை எண்டு சனம் சொல்லுது சுவாமி. கொழும்பில லேசர் அடிச்சால் போயிடுமாம். கொடியை அடைவு வைக்கப் போறன்" என்றார்.

கொடியை வைக்க வேண்டாம் என்றோம். அதே மூச்சில், நாளைக் காலையே குழந்தையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், ஒரு கிழமையும் பிந்த வேண்டாம் என்றும் சொன்னோம். அவசரம் என்கிறீர்கள், லேசர் வேண்டாம் என்கிறீர்கள், இது என்ன கதை என்று அவர் திகைத்தார். அவருக்கு அன்று நின்ற நிலையில் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம். ஏனெனில், மறுவுக்கும் தழும்புக்கும் லேசர் என்ற பேச்சு இப்போது எமது கிராமங்கள் வரை வந்துவிட்டது. அதன் பெயரால் நகையும் ஆடும் மாடும் கைமாறுகின்றன.

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல

குழந்தைகளின் தோலில் காணும் சிவந்த அடையாளங்களை மூன்றாகப் பிரித்து அறிந்துகொண்டால் பாதிக் கவலை குறையும்.

முதலாவது, பிறக்கும்போதே பிடரியிலும் இமைகளிலும் நெற்றி நடுவிலும் காணப்படும் வெளிர் சிவப்புத் திட்டு. மிகப் பல குழந்தைகளுக்கு இது உண்டு. முகத்தில் உள்ளது ஓரிரு வருடங்களில் மங்கிவிடும். பிடரியில் உள்ளது தங்கினாலும் தலைமயிர் மறைத்துவிடும். இதற்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை.

இரண்டாவது, எம்மிடம் வந்த குழந்தைக்கு இருந்தது. இதைக் கட்டிமறு என்று அழைப்போம். பிறந்து சில நாட்களில் அல்லது கிழமைகளில் தோன்றி, முதல் மூன்று மாதங்களில் மிக வேகமாக வளர்ந்து, பின்னர் ஓய்ந்து, பல வருடங்களில் தானாகவே சுருங்கும். நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருவது. பெண் குழந்தைகளிலும் மாதம் நிரம்பாமல் பிறந்தவர்களிலும் கூடுதல். முதுகிலோ வயிற்றிலோ சிறிதாக இருந்தால் பார்த்துக்கொண்டிருப்பதே போதும். ஆனால் இமையில் வந்தால் கதை வேறு. குழந்தையின் கண் பார்க்கப் பழகும் காலம் அதுவே. அந்த மாதங்களில் கண் மூடிக் கிடந்தால், பின்னர் மறு மறைந்தாலும் பார்வை திரும்பாமற் போகலாம். மூக்கு நுனி, உதடு, கழுத்தின் முன்பக்கம் ஆகிய இடங்களில் வந்தாலும், புண்ணாகி இரத்தம் கசிந்தாலும் காத்திருத்தல் தவறு.

இதற்கு இன்று முதலில் கொடுக்கப்படுவது லேசர் அல்ல, ஒரு பழைய மருந்து. புரொப்பிரனலோல் என்பது 1960களில் இருந்து இருதய நோயாளருக்கும் இரத்த அழுத்தக்காரருக்கும் கொடுக்கப்பட்டு வந்தது. பிரான்சின் போர்டோ நகரில் கட்டிமறு உள்ள ஒரு குழந்தைக்கு இருதயத் தசை தடித்தபோது அம்மருந்தைக் கொடுத்தார்கள். மறு அடுத்த நாளே நிறம் மாறி மென்மையாகத் தொடங்கியதைக் கண்டு வைத்தியர்கள் வியந்தார்கள். 2008இல் அவர்கள் அதை வெளியிட்டபின் உலகெங்கும் சிகிச்சை முறை மாறியது. 2015இல் வெளிவந்த பெரிய பரிசோதனை ஒன்றில், ஆறு மாதம் மருந்து எடுத்த குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கு மறு முற்றாக அல்லது ஏறக்குறைய முற்றாக மறைந்தது. வெறும் பாகு குடித்தவர்களில் 4 பேருக்கே அப்படி ஆனது. வீட்டில் அப்புவின் பிரெஷர்க் குளிசை இருக்கிறது என்று எவரும் உடைத்துக் கொடுத்துவிடக் கூடாது. குழந்தையின் நிறையைப் பார்த்து அளவு கட்ட வேண்டும். பால் குடிக்காத வயிற்றில் கொடுத்தால் இரத்தத்தில் சீனி குறைந்து ஆபத்தாகும். இழுப்பு உள்ள குழந்தைக்கு ஆகாது.

மூன்றாவது, பிறக்கும்போதே தட்டையாக, எல்லை தெரியும்படி படர்ந்திருக்கும் செந்நிற மறு. இதைப் படர்மறு என்போம். ஆயிரம் குழந்தைகளில் மூன்று பேரளவில் இது காணப்படும். தானாக மறையாது. பிள்ளை வளர மறுவும் கூடவே விரியும். நடுவயதில் கருஞ்சிவப்பாகித் தடிக்கவும் கூடும். சோவியத் தலைவராக இருந்த மிக்கைல் கொர்பச்சேவின் தலையில் உலகமே பார்த்தது இவ்வகை மறுவைத்தான். 2022இல் அவர் இறக்கும் வரை அதை அகற்றிக்கொள்ளவில்லை. நெற்றியிலும் மேல் இமையிலும் படர்மறு இருக்கும் குழந்தைக்கு வலிப்பும் கண்ணில் அழுத்தமும் வர வாய்ப்புண்டு. ஆகவே அழகைப் பற்றி யோசிக்கும் முன் கண் வைத்தியரிடம் காட்டுவது முக்கியம்.

கிரகணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். படர்மறு ஏன் வருகிறது என்பதை 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கரு வளரும்போது ஒரு கலத்தில், ஒரு பரம்பரையலகில் தற்செயலாக ஏற்படும் சிறு மாற்றமே காரணம். தாய் எதைப் பார்த்தாள், எதற்குப் பயந்தாள், எந்த நேரம் வெளியே வந்தாள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வருவதுமில்லை. மருமகளைக் குற்றம் சாட்டும் மாமியார்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசித்தால் நாம் மகிழ்வோம்.

ஒளி எப்படி மருந்தாகிறது

லேசருக்கு அடித்தளமான கருத்தை 1917இல் எழுதியவர் ஐன்ஸ்ரைன். முதல் லேசரை இயக்கிக் காட்டியவர் தியடோர் மைமன். 1960 மே மாதம், அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மாணிக்கக் கல்லைக்கொண்டு. சூரிய ஒளியில் வானவில்லின் நிறமெல்லாம் கலந்திருக்கின்றன. லேசரில் ஒரே நிறம், ஒரே திசை. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அதுவே பெரிய வித்தியாசம்.

தொடக்கத்தில் படர்மறுவுக்குப் பயன்படுத்திய ஆர்கன் லேசர் இரத்தக்குழாயையும் சுட்டது, சுற்றியிருந்த தோலையும் சுட்டது. மறு போன இடத்தில் தழும்பு வந்தது. 1983இல் பொஸ்ரன் நகர வைத்தியர்களான ரொக்ஸ் அன்டர்சனும் ஜோன் பரிஷும் இதற்கு வழி கண்டார்கள். நெல்லை விட்டுப் புல்லை மட்டும் கொல்லும் களைநாசினிகளை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் தேடியது அப்படியான ஒளியை. இரத்தத்தின் செந்நிறப் பொருளான ஈமோகுளோபின் மஞ்சள் ஒளியை நன்றாக விழுங்கும். எனவே மஞ்சள் ஒளியைப் பாய்ச்சினால் குழாய்க்குள் இருக்கும் இரத்தம் சூடேறி, குழாயின் சுவர் கருகி அடைபடும். அத்துடன் நேரமும் முக்கியம். விளக்குச் சுடருக்குள்ளால் விரலை விறுக்கென்று இழுத்தால் சுடுவதில்லை, வைத்திருந்தால் சுடும். அதுபோல, சூடு குழாயை விட்டு வெளியே பரவ முன் ஒளி நின்றுவிட வேண்டும். அவ்வாறு செய்யப்பட்ட முதற் கருவிகள் ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு கூறளவே ஒளி வீசின. 1989இல் 35 பிள்ளைகளுக்கு இம்முறையில் சிகிச்சை அளித்த முடிவுகள் வெளியாயின. அதன்பின் இந்தச் சாய லேசரே படர்மறுவின் முதற் சிகிச்சையாயிற்று.

இது ஒருநாள் வேலையல்ல. மாதம் ஒரு தடவை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்று எட்டுப் பத்துத் தடவைகளும் அதற்கு மேலும் செல்லலாம். இறப்பர் வளையத்தை இழுத்துச் சுண்டினாற்போல நோகும். பின்னர் ஒரு கிழமை, இரண்டு கிழமை ஊதா நிறமாகக் கன்றியிருக்கும். முற்றாக மறைவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கே. பெரும்பாலானோருக்கு நிறம் குறையும். நெதர்லாந்தில் பத்து வருடங்களின் பின் மீண்டும் பார்த்தபோது சிலருக்கு மறு ஓரளவு திரும்பக் கறுத்திருந்தது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லாமல் "ஒரே அடியில் போகும்" என்பவரை நம்ப வேண்டாம்.

எமது தோலின் நிறம்

இங்கேதான் எமக்குரிய சிக்கல் இருக்கிறது. எமது தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினும் அதே மஞ்சள் ஒளியை விழுங்கும். ஒளி மேலிருந்து வருவதால் இரத்தத்தைச் சந்திக்கும் முன் மெலனினையே சந்திக்கிறது. வெள்ளைக்காரரின் தோலுக்கு வகுத்த அளவை அப்படியே எமது தோலில் பாய்ச்சினால் கொப்புளமும் கருமையும் வெண்திட்டும் தழும்பும் வரும். களைநாசினியை அளவு மீறி அடித்தால் நெல்லும் கருகுவதைப் போலத்தான். ஆகவே சக்தியைக் குறைத்து, தோலின் மேற்புறத்தைக் குளிர்த்தி, சிறிய இடத்தில் பரீட்சித்துப் பார்த்த பின்பே முழு இடத்துக்கும் செய்ய வேண்டும். தோல் வெயிலில் கறுத்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். வயலில் நின்று வெட்டும் மாதங்களில் இதைத் தொடங்காமல், வெயிலை ஒதுக்கக்கூடிய காலத்தைத் தெரிவு செய்வது நல்லது. கண்ணுக்கு மறைப்பு இல்லாமல் லேசர் அறைக்குள் பிள்ளையும் இருக்கக் கூடாது, தாயும் இருக்கக் கூடாது.

வியட்நாமின் அனுபவத்தை இங்கே சொல்வது பொருந்தும். போரால் நொந்த, நெல் விளைவிக்கும் அந்த நாட்டில் நெடுங்காலம் மறுக்களுக்குக் கதிரியக்கப் பொசுபரசைத் தோலில் வைத்துச் சிகிச்சை செய்தார்கள். வேறு வழி இருக்கவில்லை. தானாகவே சுருங்கியிருக்கக்கூடிய மறுக்களும் அதனால் ஆயுளுக்கும் நிற்கும் தழும்பாகின. 2009இல் ஹோ சி மின் நகரில் வியட்நாம் வைத்தியர்களும், மேலே சொன்ன அன்டர்சன் உட்பட அமெரிக்க வைத்தியர்களும் சேர்ந்து இதற்கென ஒரு நிலையத்தை அமைத்து, லேசரையும் பயிற்சியையும் கொண்டுவந்தார்கள். அங்கே வருவோரில் பலர் மறுவுக்காக மட்டுமன்றிப் பழைய சிகிச்சையின் தழும்புக்காகவும் வருகிறார்கள். பிழையான சிகிச்சை, சிகிச்சை இல்லாததை விடக் கேடு செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

தழும்புகள்

தழும்புக்குப் பாய்ச்சும் லேசர் வேறு. தோலில் உள்ள நீரைச் சூடாக்கும் காபனீரொட்சைட்டு லேசரை மயிரிழையளவு துளைகளாகப் போடுவார்கள். மிளகாய்க் கன்றுக்குக் குழி போடுகையில் குழிகளுக்கிடையே நிலத்தைத் தொடாமல் விடுவதுபோல, துளைகளுக்கிடையே நல்ல தோல் விடப்படும். அதிலிருந்து புதுத் தோல் வளர்ந்து துளையை நிரப்பும். 2004இல் வெளிவந்த இந்த யோசனை, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் எரிகாயம் அடைந்த அமெரிக்கப் படையினரின் இறுகிய தழும்புகளை இளக்கவும் பயன்பட்டது. தழும்பு மெலியும், கடி குறையும், மூட்டு சற்று இலகுவாக அசையும். தழும்பு இல்லாமற் போகாது. செல் துண்டு உள்ளே இருந்தால் அதையும் லேசர் எடுக்காது.

எரிகாயம் ஆறும்போது முதல் ஒரு வருடம் கவனித்துக்கொள்வது பின்னர் எந்த லேசரும் தராத பலனைத் தரும். மூட்டுக்களை நோவோடும் நீட்டி மடக்க வேண்டும். இறுக்கமான அழுத்தத் துணி, சிலிக்கன் தாள், எண்ணெய் தடவி உருவுதல் ஆகியவை தழும்பு தடிப்பதைக் குறைக்கும். விரலோ கழுத்தோ இழுத்துப் பிடித்துவிட்டால் அதற்குச் சத்திரசிகிச்சையே வழி. காயத்தின் எல்லையைத் தாண்டி நண்டுக்கால் போல வளரும் தடிப்புத் தழும்பை வெட்டவோ லேசரால் சுடவோ மட்டும் செய்தால் முன்னிலும் பெரிதாகத் திரும்பும். அதற்குள் மருந்து ஊசி போடுவதே முதல் வேலை.

எமது வீடுகளில் பல தழும்புகள் குப்பி விளக்குக் கவிழ்ந்து வந்தவை. கொழும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர இதைக் கண்டு மனம் நொந்து, குள்ளமான, கனமான, பக்கம் தட்டையான, திருகு மூடியுள்ள கண்ணாடி விளக்கை உருவாக்கினார். மாமைற் போத்தலின் வடிவமே அவருக்கு வழிகாட்டியதாம். 1998இல் அதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

முகம் சிவப்பவர்களுக்கு

வளர்ந்தவர்களின் முகச் சிவப்புக்கும் லேசர் செய்வார்கள். ஆனால் எம்மவரிடையே முகம் சிவந்து எரிவதற்குப் பல வேளைகளில் காரணம், கடையில் வாங்கி மாதக்கணக்காகப் பூசும் வெள்ளையாக்கும் கிறீம். அதில் ஸ்டீரொயிட் இருந்தால் தோல் மெலிந்து இரத்தக்குழாய்கள் வெளித்தெரியும். விட்டவுடன் இன்னும் சிவக்கும், அதற்குப் பயந்து திரும்பப் பூசுவார்கள். அங்கே தேவைப்படுவது லேசர் அல்ல. வைத்தியரின் மேற்பார்வையில் கிறீமை நிறுத்துவது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். சிவந்த அல்லது வெளிறிய திட்டில் தும்புக்குச்சியால் தொட்டால் உணர்வு இல்லையென்றால் அது தொழுநோயாக இருக்கலாம். மருந்து இலவசம், வேளைக்கு எடுத்தால் முற்றாகச் சுகமாகும். அதன்மேல் லேசர் பாய்ச்சிக் காலத்தைக் கடத்துவது கையையும் காலையும் இழக்கச் செய்யும்.

எங்கேனும் லேசருக்குப் போவதென்று தீர்மானித்தால், பணம் கட்ட முன் கேளுங்கள்: செய்பவர் தோல் வைத்திய நிபுணரா? எந்த வகை லேசர்? எம்மைப் போன்ற நிறமுள்ள எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? எத்தனை தடவை, எல்லாமாக எவ்வளவு முடியும்? பரீட்சைத் திட்டுப் பார்ப்பாரா? கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். விதை நெல் வாங்கும்போது இதைவிடக் கூடக் கேட்கிறீர்கள்.

அந்தக் குழந்தைக்கு வைத்தியசாலையில் இரண்டு நாள் வைத்திருந்து மருந்து தொடங்கினார்கள். நான்காம் கிழமையில் கண் முழுதாகத் திறந்தது. இப்போது நடக்கிறாள். இமையில் வெளிர் சிவப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் வயதிலும் அது தெரிந்தால் லேசரைப் பற்றிப் பேசலாம் என்று வைத்தியர் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.